மன்னிப்பும் உத்தரிப்பும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசக் கிறித்தவ வரலாற்றில் ஒரு நோக்கு

குற்றம் இழைத்த மனிதன் அதன் பின்னர் எவ்வாறு வாழ்தல் கூடும் என்பது சமயங்கள் யாவும் எதிர்கொண்ட வினாவாகும். நிகழ்ந்த செயலை நிகழாததாக்க எவராலும் இயலாது. ஆயினும் அச்செயலின் நினைவு மனிதனை இறுதிவரை கட்டிவைத்தல் வேண்டுமா, அன்றி அதிலிருந்து மீண்டு புதுவாழ்வு தொடங்குதல் கூடுமா என்பதற்கு ஒவ்வொரு சமுதாயமும் தனக்குரிய விடையைத் தேடியுள்ளது. கிறித்தவம் அளித்த விடை ‘பாவமன்னிப்பு’ என்னும் ஒரு சொல்லில் பெரும்பாலும் அடக்கப்படுகின்றது. அச்சொல் மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த தமிழ் நிலத்தில், வெவ்வேறு வரலாற்றுச் சூழ்நிலைகளில், எவ்வாறு பொருள் பெற்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலுக்கு இணையாகக் கிடக்கும் இவ்வாவி, பிரதேசத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரிக்கின்றது. சைவரும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் பறங்கியரும் இதன் கரைகளில் அயலவராக வாழ்ந்து வருகின்றனர். ஆகவே இங்குக் கிறித்தவம் பேசிய மன்னிப்பு வெற்றிடத்தில் விழுந்த வித்தன்று. குற்றத்தையும் அதன் விளைவையும் பற்றி ஆழ்ந்த சிந்தனை கொண்டிருந்த ஒரு மண்ணிலேயே அது ஊன்றப்பட்டது.

வழக்குரைக்கும் கண்ணகி

அச்சிந்தனையைக் கண்ணகி வழிபாட்டிலே தெளிவாகக் காணலாம். தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் முதலிய ஊர்களில் உள்ள கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசித் திங்களில் சடங்கு நிகழும்போது ‘கண்ணகி வழக்குரை’ காவியம் பாடப்படுவது நெடுங்கால மரபு. வித்துவான் வீ. சீ. கந்தையா 1964ஆம் ஆண்டு வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூல் இவ்வழிபாட்டுக்குச் சிறப்பிடம் அளித்துள்ளது. அநீதி இழைக்கப்பட்ட பெண் அரசவையில் நின்று வழக்குரைக்கின்றாள். உண்மை வெளிப்பட்டதும் பிழை செய்த பாண்டியன் உயிர் துறக்கின்றான். அவள் சினத்தில் மதுரை எரிகின்றது. சடங்கின் நிறைவில் நடைபெறும் குளிர்த்தி, அச்சினத்தைத் தணித்து ஊருக்கு மழையையும் நலத்தையும் வேண்டுவதாகும்.

இம்மரபில் இரு கருத்துக்கள் உறுதியாக உள்ளன. ஒன்று, குற்றம் என்பது செய்தவனின் மனத்தோடு முடிவதன்று. அது ஊரையே சுடும். மற்றையது, பாதிக்கப்பட்டவரின் உள்ளம் குளிராமல் அமைதி இல்லை. ஆனால் குற்றம் புரிந்தவன் தன் பிழையை உணர்ந்த பின்னும் உயிரோடிருந்து அதனைத் திருத்துதற்கு இக்கதையில் இடமில்லை. பாண்டியன் தன் தவற்றை ஏற்றுக்கொண்ட கணமே அவனது இறுதிக் கணமாகின்றது.

கிறித்தவம் கொண்டுவந்த புதுமை இவ்விடத்திலேதான் அமைகின்றது. யேசுவை மும்முறை மறுதலித்த பேதுரு அழுது மீண்டு திருச்சபையின் தலைவராகின்றார்; அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசோ தன் பிழையை உணர்ந்தும் மன்னிப்பை நம்பாது மாய்கின்றான். இருவருக்கும் குற்றவுணர்வு பொதுவானது. வேறுபாடு, குற்றத்தின் பின்னரும் வாழ்வு உண்டு என்ற நம்பிக்கையிலேயே உளது. பாண்டியனின் முடிவை அறிந்த மக்களிடம் பேதுருவின் கதை சொல்லப்பட்டபோது, குற்றவாளிக்கு வாழ்வு அளித்த அக்கதை பாதிக்கப்பட்டவருக்கு என்ன அளித்தது என்ற வினாவும் உடன் எழுந்தது. இப்பிரதேசக் கிறித்தவத்தின் வரலாற்றை அவ்வினாவுக்கு விடைதேடிய வரலாறாகவும் நோக்கலாம்.

சங்கீர்த்தனம் என்னும் சொல்

தமிழில் அச்சேறிய தொடக்க நூல்களுள் ஒன்று குற்றத்தை அறிக்கையிடும் முறையைக் கற்பிப்பதற்கென்றே எழுந்தது என்பது கருதத்தக்கது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய யேசுசபைத் துறவி அண்டிறிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதனையடுத்து 1580இல் கொச்சியில் அச்சிடப்பட்ட அவரது மற்றொரு நூல், குருவிடம் பாவங்களை எவ்வாறு வெளியிடுவது என்பதைத் தமிழில் விளக்கியது. செபத்துக்கு அடுத்த தேவையாகக் குற்றத்தைச் சொல்லும் மொழியே கருதப்பட்டது.

கத்தோலிக்கத் தமிழ் மரபு இச்செயலுக்குப் ‘பாவ சங்கீர்த்தனம்’ என்று பெயரிட்டது. சங்கீர்த்தனம் என்பது வாய்விட்டு எடுத்துரைத்தல், புகழ்ந்து பாடுதல் என்ற பொருளில் வழங்கிய சொல். இறைவன் புகழை எடுத்துரைக்கும் சொல்லால் மனிதனின் இழிவை எடுத்துரைத்தலையும் குறித்தது, அவ்விழிவைக் கூறுதலும் ஒருவகை வழிபாடே என்ற கருத்தைத் தந்தது. நல்ல சங்கீர்த்தனத்துக்கு ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, வாய்விட்டுச் சொல்லுதல், குரு விதிக்கும் அபராதத்தை நிறைவேற்றல் ஆகிய ஐந்தும் வேண்டும் என மறைக்கல்வி நூல்கள் கற்பித்தன. தண்டனைக்கு அஞ்சி வருந்துவதை அடிமை மனஸ்தாபம் என்றும், அன்பினால் வருந்துவதை உத்தம மனஸ்தாபம் என்றும் பிரித்துரைத்தன.

கண்ணகி வழக்குரையில் வழக்காடுபவள் பாதிக்கப்பட்டவள். சங்கீர்த்தனத்திலோ குற்றம் புரிந்தவனே தன்மீது வழக்குரைக்கின்றான். திரெந்துப் பொதுச்சங்கம் 1551இல் இச்சாதனத்தை நீதித்தீர்ப்புக்கு ஒப்பிட்டே விளக்கியது. ஆனால் இந்நீதிமன்றில் பாதிக்கப்பட்டவர் இல்லை. அவ்வெற்றிடத்தை நிரப்புவதற்காகவே திருடிய பொருளைத் திருப்பிக் கொடுத்தல், கெடுத்த பெயரை மீட்டளித்தல் என்பன கடமைகளாக வலியுறுத்தப்பட்டன. திருப்பிக் கொடுக்க இயன்றும் மனமில்லாதவனுக்கு மன்னிப்பு இல்லை என்பதே கத்தோலிக்க ஒழுக்கவியலின் நிலைப்பாடு. ‘உத்தரித்தல்’ என்ற பழைய சொல் இக்கருத்தைத் தாங்கி நின்றது.

தோம்பிற் பதிந்த விசுவாசம்

போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை கட்டத் தொடங்கியது 1628ஆம் ஆண்டிலாகும். பத்தாண்டுகளின் பின், 1638இல், இரண்டாம் இராசசிங்கனுடன் கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1658இல் தீவின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமானதும் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை விதிக்கப்பட்டது. அவர்களுக்கு அடைக்கலம் அளிப்பதும் கொடுந் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. சீர்திருத்தத் திருச்சபையின் ஞானஸ்நானமும் தோம்பிற் பதிந்த விவாகமும் அரச பதவிக்கும் சட்டவுரிமைக்கும் வாயிலாயின.

மட்டக்களப்பில் ஒல்லாந்தரின் சமய முயற்சி யாழ்ப்பாணத்தளவு விரிந்ததன்று. எனினும் அக்காலத்துப் பொது நிலை இப்பொருளுக்கு இன்றியமையாத ஒரு படிப்பினையைத் தருகின்றது. நம்பாததை நம்புவதாகக் கூறிப் பெயர் பதிந்த பல்லாயிரவர், வீட்டிலே தம் முன்னோர் சமயத்தை மறைவாகப் பேணினர். மனமாற்றத்தைப் பேசிய சமயமே மனத்துக்கும் வாய்க்கும் இடையிற் பிளவை உண்டாக்கியது. குற்றவுணர்வைத் தீர்க்க வந்த நிறுவனம் புதியதொரு குற்றவுணர்வை விதைத்தது. 1795இல் மட்டக்களப்பு ஆங்கிலேயர் கைக்கு மாறிய பின், கட்டாயம் தளர்ந்ததும் தோம்புக் கிறித்தவம் விரைவிற் கலைந்தது. உள்ளத்தின் இசைவின்றி அதிகாரத்தால் வாங்கப்படும் அறிக்கைக்கு உயிரில்லை என்பதை இக்கலைவு காட்டிற்று.

இதே காலத்தில் தடையை மீறிய வேறொரு வகைச் சமயப்பணியும் நிகழ்ந்தது. கோவாவிலிருந்து 1687இல் யாழ்ப்பாணம் வந்த யோசப் வாஸ் அடிகளார், மாறுவேடம் பூண்டு இரவு வேளைகளிற் கத்தோலிக்கரைச் சந்தித்துச் சங்கீர்த்தனம் கேட்டார். சட்டம் வேண்டிய அறிக்கை பகலில் தோம்பில் எழுதப்பட, மனச்சாட்சி வேண்டிய அறிக்கை இரவில் இரகசியமாகச் சொல்லப்பட்டது. அவர்வழி வந்த யாக்கோமே கொன்சல்வேஸ் அடிகளார் (1676–1742) தமிழில் இயற்றிய ‘வியாகுலப் பிரசங்கம்’ யேசுவின் பாடுகளை மக்கள் உள்ளத்தில் பதியவைத்தது. கத்தோலிக்கர் மீதான தடைகளை ஆங்கில அரசு 1806இல் நீக்கியது.

மெதடிஸ்தரும் மனந்திரும்புதலும்

1814ஆம் ஆண்டு யூன் மாத இறுதியிற் காலியில் வந்திறங்கிய உவெஸ்லியன் மிசனரிமாருள் ஒருவரான வில்லியம் ஓல்ற், அவ்வாண்டிலேயே மட்டக்களப்பை அடைந்தார். கடற் பயணத்தில் மனைவியை இழந்தவர் அவர். மட்டக்களப்பிற் பாடசாலை தொடங்கிய அவர், ஓராண்டு நிறையுமுன்னரே, 1815 ஏப்பிரல் 1ஆம் நாள், நோயினாற் காலமானார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தோற்றத்தை 1814ஆம் ஆண்டிலேயே காண்கின்றது.

ஓல்றும் அவர்வழி வந்தோரும் கொணர்ந்த செய்தியின் மையம் ‘மனந்திரும்புதல்’ ஆகும். இலண்டனில் 1738 மே 24இல் யோன் வெஸ்லி தம் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்ற உள்ளுறுதியைப் பெற்றார். குருவின் ஊடாக அன்றி, விசுவாசத்தினால் ஒவ்வொருவரும் அத்தகைய நிச்சயத்தை நேரடியாகப் பெறலாம் என்பது அவ்வியக்கத்தின் போதனை. தோம்பிற் பெயர் இருந்தாற் போதும் என்றிருந்த நிலைக்கு இது நேர் எதிரானது.

ஆயினும் உணர்ச்சி மாத்திரம் போதும் என வெஸ்லி கருதவில்லை. சிறு குழுவினர் கூடித் தம் வாழ்வின் நிலையை ஒருவருக்கொருவர் கூறும் வகுப்புக் கூட்டங்களை அவர் அமைத்தார். 1743இல் வெளியிட்ட பொது விதிகளிற் குடிவெறி, அநியாய வட்டி, தீர்வை செலுத்தாத பொருளை விற்றலும் வாங்கலும், திருப்பிச் செலுத்தும் வாய்ப்பின்றிக் கடன் வாங்குதல் ஆகியவற்றை விலக்கினார். மன்னிப்புப் பெற்றவனின் கணக்கேடும் கடைத்தராசும் அதற்குச் சாட்சியாதல் வேண்டும் என்பதே இதன் கருத்து. ஆண்டுத் தொடக்கத்தில் மெதடிஸ்த சபைகள் நடத்தும் உடன்படிக்கை ஆராதனையும் வெஸ்லியிடமிருந்து வந்ததே. சென்ற ஆண்டின் தவறுகளை ஏற்று வரும் ஆண்டை இறைவனிடம் ஒப்படைக்கும் அவ்வழிபாடு, மனந்திரும்புதலை ஒருநாள் அனுபவமாகவன்றி ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கடமையாக்கியது.

உணர்வுக்கும் திருத்தத்துக்கும் இடையே எத்துணைத் தூரம் இருத்தல் கூடும் என்பதை அதே காலத்து இங்கிலாந்தில் வாழ்ந்த யோன் நியூற்றன் வரலாறு விளக்கும். அடிமை வாணிகக் கப்பலிற் பணிபுரிந்த அவர், 1748இல் புயலிற் சிக்கியபோது இறைவனிடம் திரும்பினார். ஆனால் அதன் பின்னரும் 1754 வரை அடிமைகளை ஏற்றிச்செல்லும் கப்பல்களை நடத்தினார். தம் வாணிகத்தின் கொடுமையைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு நூல் எழுதியது 1788இலேயாகும். மன்னிப்பை உணர்ந்ததற்கும் குற்றத்தை முழுமையாகக் கண்டதற்கும் இடையே நாற்பதாண்டுகள் கழிந்தன. அவரது அறிக்கை அடிமை வாணிகத்துக்கு எதிரான இயக்கத்துக்குச் சான்றாயிற்று. 1807இல் அவ்வாணிகத்தை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. மனந்திரும்புதல் தொடங்கும் நாளும் நிறைவுறும் நாளும் ஒன்றாயிருக்க வேண்டுவதில்லை.

சைவர் எழுப்பிய வினா

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சமய விவாதங்களில் ஈழத்துச் சைவர் இப்போதனையை ஆராயாது விடவில்லை. ஆறுமுக நாவலர் 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’ வெளியிட்ட காலம் அது. செய்த வினையைச் செய்தவனே நுகர்தல் வேண்டும் என்ற கொள்கையுடையார்க்கு, ஒருவரின் பாவத்துக்காக மற்றொருவர் பாடுபடுதல் பொருந்துமா, மன்னிப்பு எளிதாயிற் பாவமும் எளிதாகிவிடாதா என்னும் ஐயங்கள் எழுவது இயல்பு. இவற்றை வெறும் எதிர்ப்பெனத் தள்ளிவிட இயலாது. அவை கிறித்தவம் தன்னுள்ளேயே எதிர்கொண்ட வினாக்களுமாகும்.

இதற்குக் கிறித்தவ மரபின் சிறந்த விடை லூக்கா நற்செய்தி கூறும் சக்கேயுவின் வரலாறு எனலாம். வரி தண்டுவோர் தலைவனான அவன் மன்னிப்புக் கேட்டு நீண்ட உரை எதனையும் ஆற்றவில்லை. தன் உடைமையிற் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றிப் பெற்றதை நான்மடங்காக உரியவருக்கும் கொடுக்க முன்வந்தான். மன்னிப்பைத் திருத்தத்துக்கு விலையாக அவன் பெறவில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டதனாலேயே திருத்தம் அவனுக்கு இயல்வதாயிற்று. வினைக்கொள்கை வலியுறுத்தும் பொறுப்பும் கிறித்தவம் வலியுறுத்தும் அருளும் இங்கு ஒன்றையொன்று மறுக்கவில்லை.

இப்பிரதேசத்துக் கத்தோலிக்கப் பணி 1895 முதல் யேசுசபையினரின் பொறுப்பாயிற்று. 1873இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரியும் அவர்களாற் சிறப்புற வளர்ந்தது. சைவப் பெரியாராகப் பின்னர் விளங்கிய சுவாமி விபுலாநந்தர் இளமையிற் கற்றதும் கற்பித்ததும் அக்கல்லூரியிலாகும். சமய எல்லைகளைக் கடந்த இவ்வுறவினால் மன்னிப்பு, பரிகாரம், நேர்த்தி முதலிய சொற்கள் அயலவர்க்குப் புரியும் சொற்களாகவே நிலைத்தன. ஆயித்தியமலைச் சதாசகாய அன்னையின் திருத்தலத்துக்குக் கால்நடையாகச் செல்லும் கத்தோலிக்க யாத்திரிகரின் தவமுயற்சியை, கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் சைவர் விளங்கிக்கொள்வதற்கு உரை வேண்டுவதில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர் 1973இல் இச்சாதனத்துக்குரிய வழிபாட்டு முறை புதுக்கப்பட்டது. தமிழில் ‘பாவ சங்கீர்த்தனம்’ என்ற பெயரின் இடத்தை ‘ஒப்புரவு’ என்ற சொல் பெற்றது. திருக்குறளில் ஓர் அதிகாரத்துக்குப் பெயர் தந்த அச்சொல், உலகத்தாரோடு பொருந்தி அவர்க்குப் பயன்பட வாழ்வதைக் குறிப்பது. குற்றம் இறைவனுக்கு மட்டுமன்றிச் சமுதாயத்துக்கும் எதிரானது, மன்னிப்பு அச்சமுதாயத்தோடு மீண்டும் இணைவது என்ற கருத்து இப்பெயரால் முன்னணிக்கு வந்தது.

போர்க்காலச் சோதனை

அக்கருத்து கடுஞ் சோதனைக்கு உள்ளான காலம் விரைவில் வந்தது. மட்டக்களப்புப் புனித மரியாள் பேராலயத்தின் பங்குத்தந்தையும் பிரசைகள் குழுத் தலைவருமாயிருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 யூன் 6ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் ஈடுபட்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் தமிழீழ விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அம்மாதம் 15ஆம் நாள், புனித மிக்கேல் கல்லூரியிற் பல்லாண்டு பணியாற்றிய அமெரிக்க யேசுசபைத் துறவி யூஜின் ஹீபேர்ட் அடிகளார் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி வரும் வழியிற் காணாமற்போனார். செப்டெம்பர் 9ஆம் நாள் சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் இருந்து இராணுவ முகாமுக்கு அழைத்துச் செல்லப்பட்ட தமிழர் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

ஆறு வாரங்களுக்குள், சில மைல் தூரத்துள் நிகழ்ந்த இக்குற்றங்களுக்கு எந்தச் சங்கீர்த்தனம் போதும் என்ற வினா எழுந்தது. குருவிடம் கூறப்படுவதை அவர் எக்காரணம் கொண்டும் வெளியிடுதல் ஆகாது என்பது திருச்சபையின் மாறாத விதி. ஆகவே ஆயுதம் ஏந்தியோருள் எவர் தம் செயலை எண்ணி வருந்தி மனவமைதி பெற்றனர் என்பது வரலாற்றின் கண்ணுக்குத் தெரிவதன்று. வரலாற்றுக்குத் தெரிவது, காணாமற்போனோரின் தாய்மாருக்கு அந்த இரகசிய அறிக்கையால் எவ்விடையும் கிடைக்கவில்லை என்பதே. தனிமனிதனின் ஆன்மாவுக்கு அடைக்கலமான அவ்விரகசியம் ஊரின் காயத்துக்கு மருந்தாகவில்லை.

எனவே இப்பிரதேசத்துக் கிறித்தவர் சிலரின் பணி வேறொரு திசையிற் சென்றது. 1948இல் மட்டக்களப்புக்கு வந்த மற்றொரு யேசுசபைத் துறவியான ஹரி மில்லர் அடிகளார், சமாதானக் குழுவினரோடு சேர்ந்து கைதானோரையும் காணாமற்போனோரையும் பற்றிய முறைப்பாடுகளைக் கேட்டுப் பதிந்தார். குற்றம் செய்தவர் தம்மீது வழக்குரைக்காதபோது, பாதிக்கப்பட்டவரின் வழக்கை யாரேனும் எழுதிவைத்தல் வேண்டும் என்பது இப்பணியின் உட்கிடை. பால் சற்குணநாயகம் அடிகளாரின் பங்களிப்போடு 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, தமிழ், முஸ்லிம் சிறுவரை ஒன்றாக விளையாடவும் வரையவும் கதை சொல்லவும் அழைத்தது. பெரியோரின் பிழைகளை அடுத்த தலைமுறை சுமவாதிருக்கச் செய்த முயற்சி அது.

2019 ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்த தற்கொலைக் குண்டுவெடிப்பிற் சிறுவர் பலர் உட்பட வழிபட வந்தோர் உயிரிழந்தனர். சின்னாட்களில் அச்சபையின் போதகர், குண்டைக் கொணர்ந்தவனையும் அவனை அனுப்பியோரையும் மன்னிப்பதாக வெளிப்படையாகக் கூறினார். பழிவாங்கும் எண்ணம் பரவக்கூடிய வேளையில் அச்சொல்லின் பெறுமதி அளவிடற்கரியது. ஆனால் அது மன்னிப்பின் ஒரு பாதியே. பாதிக்கப்பட்டவர் கொடுத்ததைக் கையேற்று உண்மையைச் சொல்லவும் இழப்பை ஈடுசெய்யவும் பொறுப்பானவர் முன்வருவது மறுபாதி. தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என உயர் நீதிமன்றம் 2023 சனவரியில் அளித்த தீர்ப்பு, அம்மறுபாதியின் ஒரு கூறினைச் சட்டத்தின் மூலம் நினைவூட்டிற்று.

தென்னாபிரிக்காவின் அனுபவமும் இத்தகையதே. அங்கிலிக்கன் பேராயர் டெஸ்மன்ட் டுட்டு தலைமையில் 1996இல் அமர்வுகளைத் தொடங்கிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, உண்மையை முழுமையாக வெளியிட்டோருக்குப் பொதுமன்னிப்பு அளிக்கும் அதிகாரம் பெற்றிருந்தது. குற்றவாளி பாதிக்கப்பட்டவரின் முன்னிலையிலேயே தன் குற்றத்தைக் கூறியது சங்கீர்த்தனத்தின் பொதுவடிவம் எனத்தக்கது. ஆனால் பாதிக்கப்பட்டோருக்குரிய இழப்பீடு 2003இலேயே தீர்மானிக்கப்பட்டது. அதுவும் ஆணைக்குழு பரிந்துரைத்ததிலும் மிகக் குறைவாயிருந்தது. மன்னிப்பு முந்திச் செல்ல உத்தரிப்புப் பின்தங்கியது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்திற் கிறித்தவ மன்னிப்பு மூவகைக் குறைபாடுகளைச் சந்தித்தமை புலனாகும். ஒல்லாந்தர் காலத்தில் உள்ளமில்லாத அறிக்கை இருந்தது, அது நிலைக்கவில்லை. உணர்ச்சியோடு நின்றுவிடும் மனந்திரும்புதல் எக்காலத்தும் வாழ்வைத் தொடாது போகும் அபாயத்தில் இருந்தது. மெதடிஸ்தரின் விதிகளும் கத்தோலிக்கரின் உத்தரிப்பும் அதற்கு அரணாயின. போர்க்காலத்தில் அறிக்கையிடுவோரே இல்லாத மன்னிப்புப் பாதிக்கப்பட்டோரின் தோள்களில் மட்டும் சுமத்தப்பட்டது; அச்சுமை இன்னும் இறக்கப்படவில்லை.

குற்றம் புரிந்தவனும் வாழலாம், திருந்தலாம் என்பது கிறித்தவம் இம்மண்ணுக்குக் கொணர்ந்த நற்செய்தி. பாதிக்கப்பட்டவரின் உள்ளம் குளிர்தல் வேண்டும் என்பது இம்மண் முன்னரே அறிந்திருந்த உண்மை. முதலாவது இல்லையேற் குற்றவுணர்வு பாண்டியனைப் போல மனிதனைக் கொன்றுவிடும். இரண்டாவது இல்லையேல் மன்னிப்பு, குற்றவாளி தனக்குத் தானே வழங்கிக்கொள்ளும் ஆறுதலாகச் சுருங்கிவிடும். பேதுருவின் கண்ணீரையும் சக்கேயுவின் திறந்த கையையும் பிரியாது வைத்துப் போற்றிய இடங்களிலேயே கடந்தகாலப் பிழை மனிதனை ஆளும் வலிமையை இழந்தது. நெடிய போரின் பின் வாழும் தலைமுறைக்கு வாவிக்கரையின் வரலாறு விட்டுச்செல்லும் படிப்பினை இதுவேயாகும்.